இடது பக்கம் இழுக்குது

எங்கள் அத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால், ஒரே ஒரு நாள் அந்த வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்ப் பார்த்திருப்பார். கோளாறு வண்டியில் இல்லை, அக்காவின் இடது கையில் இருக்கிறது என்று அன்றைக்கே புரிந்திருக்கும். அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்த மாதங்களில், அக்காவின் தலைக்குள் ஒரு கட்டி நிதானமாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லையா என்றால், ஒரு நாள் கற்றுக்கொண்டார். ரோட்டின் நடுவில் போட்டிருந்த வெள்ளைக் கோடு ஓரிடத்தில் கொஞ்சம் வளைந்திருந்தது. இதை எந்தக் குருடன் போட்டான் என்று திட்டிக்கொண்டே அதையே பார்த்தபடி போனவர், நேராக ஒரு வீட்டின் கேட் தூணில் கொண்டுபோய் முட்டினார். இறங்கி வந்து சாவியை அக்கா கையில் கொடுத்ததோடு சரி. அன்றிலிருந்து அவருக்கு மொபெட், அவளுக்குக் கார்.

அவர் தொழில் வீடுகளுக்கு டைல்ஸ் போடுவது. வேலையிடத்தில் அவர் பெயர் "நூல்". மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், கல் இறக்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுவருக்குச் சுவர் நூல் கட்டாமல் ஒரு கல்லைக்கூடக் கீழே வைக்கமாட்டார். பாதி அறை முடிந்த பிறகு ஒரு வரிசை மயிரிழை விலகியிருந்தாலும் அத்தனையையும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவார். வீட்டுக்காரர் பரவாயில்லை என்பார், மேஸ்திரி கும்பிடுவார், இவர் ஒற்றைக் காலில் நிற்பார். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த மனிதர், கை கழுவியதும் நேரே போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதை மாட்டியவர் எங்கள் அப்பா. மாப்பிள்ளையோடு அவர் முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று.

எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை ஓயாது. நான் மாடியில் இருக்கிறேன், அவர்கள் கீழே. எங்கள் அப்பா கூப்பிட்ட மாதிரியே அவரும் அக்காவைப் பெரியவள் என்றும் என்னைச் சின்னவள் என்றும்தான் கூப்பிடுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, நான் கட்டிக்கொள்ளவில்லை. ஆகவே அந்த வீட்டில் திட்டுவதற்கும் திட்டு வாங்குவதற்கும் நாங்கள் மூன்று பேர்தான்.

அக்காவுக்கு வேலை, மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பது. ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் லென்ஸ் தேய்ப்பார்கள். காலையில் அங்கே போய்ச் சின்னச் சின்ன உறைகளை வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கடை கடையாக இறக்கிவிட்டு வருவாள். அதற்காகத்தான் அந்தப் பழைய காரை வாங்கினாள். கியர் மாற்றும் வேலை இல்லாத வண்டி. சாம்பல் நிறம், பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. ஆனால் அவளுக்கு அது சொர்க்கம். நாற்பது தாண்டித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு முறை என்னிடம் சொன்னாள், காரில் தனியாகப் போகும்போதுதான் நான் யாருக்கும் அக்காவும் இல்லை, யாருக்கும் பெண்டாட்டியும் இல்லை, எனக்கு நான் என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் என்ன அவளைக் கட்டியா போட்டிருந்தோம்?

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், லென்ஸ் பெட்டியை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, "என்னங்க, இடது பக்கம் இழுக்குது" என்றாள். அத்தான் கையிலிருந்த காபியைப் பாதியில் வைத்தார். பார்த்துவிடலாம் என்றார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. கோணலாக ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டாலே அவருக்கு அப்படித்தான்.

ஊரில் எத்தனையோ வீல் அலைன்மென்ட் கடைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்துப் பேப்பரில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. வண்டி நிற்கும் இடத்துக்குத் தரை போட்டவர் அவர்தான். அதில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவிலேயே நிற்கும். அந்தத் தரை இருக்கும்போது எதற்குக் கடை என்பார்.

நான்கு டயரிலும் காற்றைச் சமமாக்கினார். வண்டிக்கு முன்னும் பின்னும் மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாக்களில் கம்பி நட்டு, இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடு உயரத்துக்கு நூலை இழுத்துக் கட்டினார். நான்கு சக்கரத்தின் நடுப்பொட்டிலிருந்தும் நூல் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, இரண்டு நூலும் வண்டிக்குச் சமமாக ஓடும்படி டப்பாக்களை நகர்த்தினார். அப்புறம் இரும்பு ஸ்கேலை வைத்து, நூலிலிருந்து சக்கர வட்டத்தின் முன்விளிம்பு எவ்வளவு, பின்விளிம்பு எவ்வளவு என்று அளந்தார். முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கத்தில் ஒன்றையொன்று லேசாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், முறைத்துக்கொள்ளக் கூடாதாம். அந்த லேசு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. கூடக் குறைய இருந்தால் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியில் நட்டைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் திருகி, மறுபடி முறுக்க வேண்டும். திருகியதும் வண்டியைப் பின்னால் தள்ளி முன்னால் உருட்ட வேண்டும், அப்போதுதான் சக்கரம் தன் இடத்தில் உட்காரும். தள்ளுவது என் வேலை. அக்கா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆடாமல் நேராகப் பிடித்திருப்பாள்.

அன்றைக்குக் கம்பியைத் திருகவே தேவைப்படவில்லை. எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். மறுபடி அளந்தார். இருந்தாலும் ஏதோ செய்தோம் என்று இருக்கட்டுமென்று டயர்களை இடம் மாற்றிப் போட்டார். மறுநாள் வந்து அக்கா இப்போது பரவாயில்லை என்றாள். அவர் என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் மறுபடியும் இழுத்தது. மறுபடி நூல், மறுபடி ஸ்கேல், மறுபடி நான் தள்ள வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் வண்டி தள்ளும் பெண்பிள்ளையை எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அளக்கும்போது ஸ்டியரிங் ஒரு தரம் அக்காவின் கையிலிருந்து நழுவிச் சுற்றிக்கொண்டது. தூங்குகிறாயா என்று அத்தான் அதட்டினார். ஆமாம், அசந்துவிட்டேன் என்றாள். அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங்கை ஒரு துண்டால் சீட்டோடு கட்டிவிட்டு அளக்க ஆரம்பித்தார். அக்கா இறங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் நான் சத்தம் போட்டு வண்டியைக் கடைக்கு அனுப்பினேன். அங்கேயும் எல்லாம் சரியாக இருப்பதாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பேப்பரை அத்தான் மேலும் கீழுமாகப் பார்த்தார். நூலும் நேர் என்கிறது, மெஷினும் நேர் என்கிறது, பெரியவள் மட்டும் இழுக்குது என்கிறாள். வேறு யாராக இருந்தாலும் உன் கையில்தான் கோளாறு என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பார். மேஸ்திரிகளிடம் அப்படிச் சொல்லித்தான் பாதி வேலையைக் கெடுத்துக்கொண்டவர் அவர். ஆனால் இழுக்குது என்று சொன்னது அக்கா. அவள் சொன்னால் அது இழுக்கத்தான் வேண்டும். நூலை நம்பாமல் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே காரியம் அதுதான்.

அப்படித்தான் தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்களே, அதே குண்டு. அதைச் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டால் சக்கரம் நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று தெரியும். முன்சக்கரம் ஒன்றின் தலை வெளியே சாய்ந்தால் வண்டி அந்தப் பக்கமே போகப் பார்க்கும். வண்டி இடது பக்கம் இழுக்கிறது, ஆகவே வலது சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் வெளியே சாய்த்துவிட்டால் இரண்டும் சேர்ந்து நேராகிவிடும் என்று கணக்குப் போட்டார். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் அதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. நேராக நின்ற ஒரு சக்கரத்தைத் தன் கையால் கோணலாக்கினார். மயிரிழைக்காக ஊரான் வீட்டுத் தரையைப் பெயர்க்கிற மனிதர், பெண்டாட்டி சுகமாக ஓட்டவேண்டும் என்று செய்தார்.

அது பலித்தது. அதுதான் கொடுமை. அக்கா அன்றைக்கு வீட்டுக்குள் வந்தபோது அவள் முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத வெளிச்சம். பட்டு மாதிரி போகுதுங்க என்றாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இழுக்கும், அவர் இன்னும் கொஞ்சம் சாய்ப்பார். கை எவ்வளவு போகிறதோ அவ்வளவு சக்கரமும் போனது. நடுவில் டயர் மாற்றுகிற கடைக்காரர், வலது பக்க டயர் வெளியோரமாகவே தேய்கிறதே, யார் இதை இப்படி வைத்தது என்று கேட்டாராம். அத்தான் அவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

விஷயம் என்னால்தான் வெளியே வந்தது. அலுவலகத்திலிருந்து பழைய மேஜை ஒன்றை எடுத்துவர எனக்கு வண்டி தேவைப்பட்டது. நான் நன்றாகவே ஓட்டுவேன், ஆனால் அக்காவின் காரைத் தொட்டு வெகுநாளாகியிருந்தது. தெருவைத் தாண்டி வேகம் எடுத்ததும் வண்டி வலது பக்கம் போக ஆரம்பித்தது. சும்மா இல்லை, பிடித்து இழுத்தால்தான் நேராக வருகிறது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை உரசப் பார்த்து, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மேஜையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவந்து, அத்தானைப் பிடிபிடியென்று பிடித்தேன். உங்கள் நூலைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள், வண்டி வலது பக்கம் பாய்கிறது, அக்காவைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கத்தினேன்.

வழக்கம்போலத் திருப்பிக் கொடுப்பார் என்று நின்றேன். அவர் கொடுக்கவில்லை. "வலது பக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். இடது பக்கம் இழுக்கவே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் அப்படியே வெளிறிப்போனது.

பெரியவளே, சும்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்று அக்காவைக் கூப்பிட்டார். அவர் பக்கத்து சீட்டில், நான் பின்னால். அந்தக் காரில் எத்தனை தடவை ஏறியிருந்தாலும் அவர் பார்வை எப்போதும் ரோட்டிலும் நடைபாதைக் கற்களிலும்தான் இருக்கும். அன்றைக்கு முதல் தடவையாக அவளுடைய கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் போனது. அக்காவின் வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. இடது கை பிடித்திருக்கவில்லை, அதன்மேல் கிடந்தது. பிழிந்து போட்ட துணி கிடக்கிற மாதிரி அந்தப் பக்கமாகப் பாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திருப்பத்தில் அந்தக் கை தானாக நகரவில்லை. ஸ்டியரிங்கோடு போய், மடியில் விழுந்தது. வலது கையால் அதை எடுத்து மறுபடி மேலே வைத்தாள். ரொம்ப நாள் பழகிய மாதிரி அவ்வளவு சாதாரணமாக வைத்தாள்.

ஓரமாக நிறுத்து என்றார். நிறுத்தினாள். அவர் தன் விரலை அவளுடைய இடது உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னார். அவள் அழுத்துகிறேன் என்றாள். அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை நான்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன், அது வலது பக்கம் இழுத்துக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். முட்டியில் தட்டிப் பார்த்தார், கண்ணை மூடிக் கையை நீட்டச் சொன்னார். இடது கை தானாக இறங்கியது. எவ்வளவு நாளாக இந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டு, போன வருஷம் மழைக்கு முன்னால் டயர் மாற்றிப் போட்டேன் சார், அப்போதிலிருந்து என்றார். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்.

தலைக்குள் வலது பக்கம் கட்டி. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் எடுத்திருக்கலாம், இப்போது எடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது, கதிர்வீச்சு வைத்து வளர்ச்சியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றார். தினமும் வர வேண்டும். வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். கட்டியைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த அக்கா, வண்டி என்றதும்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பிரச்சினை. தினமும் அவளைக் கூட்டிப்போக வேண்டியது நான். அவள் கைக்காகக் கோணலாக்கிய வண்டியை என்னால் ஓட்ட முடியாது. வலது சக்கரத்தைப் பழையபடி நிமிர்த்த வேண்டும். அத்தானிடம் சொன்னேன், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். வாடகைக் கார் பிடித்துப் போய்வந்தோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நிமிர்த்திவிட்டால் அக்கா இனி அதில் உட்கார்ந்து ஓட்டவே முடியாது, அதுதான் அவர் மனசில் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் வந்தது.

கடைசியில் அக்காவே சொல்லிவிட்டாள், சின்னவள் ஓட்டுகிற மாதிரி அதை நேராக வையுங்கள் என்று. அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார், உள்ளே கையை விட்டுப் போல்ட்டைத் தளர்த்தினார், மறுபடி மாட்டி இறக்கினார். நான் தள்ளினேன். குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார், போதவில்லை, மறுபடி கழற்றினார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். சாயங்கால வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது.

சக்கரம் கழற்றிய இடத்தில் தலையை விட்டபடியே அவர் கேட்டார், "கை போறது உனக்குத் தெரியலையா?"

"தெரியும்" என்றாள்.

அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. "அப்புறம் ஏன் மறைச்ச?"

"கை போச்சுன்னா சாவியை வாங்கிடுவீங்க. வண்டி கோணல்னா நீங்க சரி பண்ணிடுவீங்க." மடியிலிருந்த இடது கையை வலது கையால் நகர்த்தி வைத்தாள். "நீங்க ஒவ்வொரு தடவை சரி பண்றப்பவும் கையே சரியாயிட்ட மாதிரி இருந்துச்சுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல. முதல்லயே."

"முதல்லயே சொன்னேனே. இடது பக்கம் இழுக்குதுன்னு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "அன்னிக்கு நான் காரைச் சொல்லலைங்க. நீங்க நூலை எடுக்கப் போயிட்டீங்க."

எனக்கு அவள் மேலும் ஆத்திரம், அவர் மேலும் ஆத்திரம். அடுப்படியில் அந்த வார்த்தையை நானும்தான் கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் காது இருந்தது. கார் இல்லாத வீடாக இருந்தால் அதைக் கேட்டதும் கையைத்தானே பிடித்துப் பார்த்திருப்பார்கள்?

அத்தான் வெகுநேரம் அசையவில்லை. முழங்கை வரை கிரீஸ், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போய், போதும் அத்தான், வெளியே வாங்க, கடையில் கொடுத்துச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஸ்பேனரை எடுத்துக் கொடு என்று கையை மட்டும் பின்னால் நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். போல்ட்டை முறுக்க ஆரம்பித்தார். காலையில் அவளை அந்த வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும்.